முப்பது நொடியில் வளரும் படிகம்

பள்ளி விடுமுறை நெருங்கினால் கைப்பேசியில் அறிவியல் பொம்மைப் பெட்டி விளம்பரம் ஒன்று அடிக்கடி தலைகாட்டும். பாதுகாப்புக் கண்ணாடி மாட்டிய ஒரு சிறுமி கிண்ணத்தில் நீலப் பொடியைக் கொட்டுகிறாள். அடுத்த காட்சியில் அவள் உள்ளங்கை நிறையப் படிகம் மின்னுகிறது. அம்மாவும் அப்பாவும் கைதட்டுகிறார்கள். பிள்ளைக்குள் தூங்கும் விஞ்ஞானியைத் தட்டி எழுப்பச் சொல்லி ஒரு குரல். எல்லாம் சேர்த்து முப்பது நொடி.

பொடி கொட்டியதற்கும் படிகம் வந்ததற்கும் நடுவே என்ன நடந்தது? அந்தப் பெட்டியில் கற்றுக்கொள்ள இருந்ததே அது ஒன்றுதான். அதைக் கத்தரித்துவிட்டார்கள்.

பொம்மை விளம்பரம் பிள்ளைகளுக்கு ஆசை காட்டுகிறது, கடைத்தொகுதியில் தரையில் உருண்டு அழவைக்கிறது, பணப்பையைக் காலியாக்குகிறது என்பதெல்லாம் பழைய புகார். நியாயமானதும்கூட. ஆனால், கற்பது என்றால் எப்படி இருக்கும் என்று அது பிள்ளைக்கு வரைந்து காட்டும் படத்தைப் பற்றித்தான் எனக்குக் கவலை அதிகம். அந்தப் படத்தில் தவறு கிடையாது, காத்திருப்பு கிடையாது, முடிவில் கைதட்டல் உறுதி.

படிகத்தையே எடுத்துக்கொள்வோம். அதற்குப் பெட்டி வாங்கவே வேண்டாம். திருஷ்டிக்காக வாசலில் கட்டித் தொங்கவிடுவோமே, அந்தப் படிகாரம் போதும். சிங்கப்பூரில் தேக்கா பக்கம் பூசைச் சாமான் விற்கும் கடைகளில் கேட்டுப் பாருங்கள். 50 கிராம் கட்டியைத் துணியில் சுற்றி இடித்துப் பொடியாக்குங்கள். 200 மி.லி. தண்ணீரைக் கொதிக்கவைத்து, ஐந்து நிமிடம் ஆறவிட்டு, பொடியைச் சிறிது சிறிதாகப் போட்டுக் கலக்க வேண்டும். இதுவரை பெரியவர் வேலை. முழுதும் கரைந்ததும் பழைய கைக்குட்டையில் வடிகட்டி, இரண்டு கரண்டி நீரைத் தட்டில் ஊற்றுங்கள். மீதியைக் கண்ணாடிக் குவளையில் மூடி வையுங்கள். மறுநாள் தட்டில் மிளகு அளவிலும் அதைவிடச் சிறிதாகவும் படிகங்கள் கிடக்கும். முனை உடையாமல், மற்றதோடு ஒட்டாமல் இருக்கும் ஒன்றைப் பிள்ளையே பொறுக்கட்டும். அதுதான் விதை. அதை மெல்லிய நைலான் இழையில் கட்டி, இழையை ஐஸ்கிரீம் குச்சியில் முடிந்துகொள்ளுங்கள். குவளையின் அடியிலும் படிகம் படிந்திருக்கும். அதைக் கலக்காமல் மேலுள்ள தெளிந்த நீரை மட்டும் வேறு குவளைக்கு மாற்றி, விதையை நடுவில் தொங்கவிட்டு, வாயை டிஷ்யூத் தாளால் மூடிவிடலாம்.

எழுதும்போது சுலபமாகத்தான் இருக்கிறது. முதல் தடவை பெரும்பாலும் கெட்டுப்போகும். அவசரப்பட்டு, நீர் வெதுவெதுப்பாக இருக்கும்போதே விதையை இறக்கினால் சற்று நேரத்தில் வெறும் நூல்தான் தொங்கும். 100 மி.லி. நீர் 20 பாகை செல்சியஸில் ஏறத்தாழ 14 கிராம் படிகாரத்தைக் கரைக்கும். 50 பாகையில் 37 கிராம் வரை கரைக்கும். சூடான நீருக்கு இன்னும் பசி இருக்கிறது, விதையையும் சேர்த்துத் தின்றுவிடுகிறது. நைலானுக்குப் பதில் பருத்தி நூல் கட்டினால் அது நீரை மேலே உறிஞ்சும். விதையை விட்டுவிட்டு நூல் முழுக்கக் குட்டிப் படிகங்கள் பூத்துக் கிடக்கும்.

நம் ஊருக்கென்றே இன்னொரு சிக்கல் உண்டு. இரவில் மட்டும் குளிர்சாதனம் ஓடும் படுக்கையறையில் குவளையை வைத்தால், இரவில் நீர் குளிர்ந்து அடியில் பொடிப்பொடியாகப் படிகம் கொட்டும். பகலில் சூடேறி, வளர்ந்த படிகத்தின் முனைகளைக் கரைக்கும். நாள் முழுக்க ஒரே சூட்டில் இருக்கும் சமையலறை அலமாரியே நல்லது. சிங்கப்பூர்க் காற்றில் ஈரப்பதம் சராசரியாக 80 விழுக்காட்டுக்கு மேல் என்பதால் நீர் மெதுவாகத்தான் ஆவியாகும். பெட்டித் தாளில் 'மூன்று நாள்' என்று போட்டிருந்தால் அது நம் சமையலறையைப் பார்த்து எழுதியதில்லை. பத்து நாளில் கொண்டைக்கடலை அளவுக்கு எட்டு முகத்தோடு ஒரு படிகம் வந்தால் அது நல்ல அறுவடை.

இப்போது அந்த முப்பது நொடியைப் பார்த்த பிள்ளையை நினைத்துப் பாருங்கள். இரண்டாம் நாள் காலை, குவளையில் வெறும் நூல். அந்தப் பிள்ளை எடுக்கும் முடிவு 'நீர் சூடாக இருந்தது' என்பதாக இருக்காது. 'எனக்கு இது வராது' என்பதாகவோ, 'பொம்மை கெட்டுப்போச்சு' என்பதாகவோதான் இருக்கும். ஏனென்றால் விளம்பரத்துச் சிறுமிக்கு ஒரு தடவைகூடத் தவறவில்லை.

பெரியவர்களுக்கு வெட்டு தெரியும். பிள்ளைகளுக்குத் தெரியாது. எட்டு வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகளுக்கு விளம்பரம் தங்களை வாங்கத் தூண்டுகிறது என்பதைப் புரிந்துகொள்ளும் திறன் பொதுவாக முதிர்ந்திருக்காது என்று அமெரிக்க உளவியல் சங்கத்தின் குழு 2004இல் அறிக்கை கொடுத்தது. 1977இலேயே ஓர் ஆய்வு இதைச் சின்னதாக, அழகாகக் காட்டியிருக்கிறது. விளம்பரங்களில் சம்பிரதாயமாகச் சொல்லும் 'பாகங்கள் பொருத்தப்பட வேண்டும்' வகை அறிவிப்பு பெரும்பாலான பிள்ளைகளின் காதில் ஏறவேயில்லை. அதையே 'விளையாடுவதற்கு முன்னால் இதை நீதான் சேர்த்துக் கட்டணும்' என்று சொன்னபோது பலருக்குப் புரிந்தது. நிறுவனங்களுக்கு அந்த வாசகம் தெரியாமல் இல்லை.

வீட்டில் செய்யக்கூடியது ஒன்று: அதே விளம்பரத்தைப் பிள்ளையோடு இரண்டாம் முறை, ஒலியை அடைத்துவிட்டுப் பாருங்கள். இசையும் குரலும் போனதும் பாதி மயக்கம் போய்விடும். கடினமான வேலையைச் செய்யும் கை யாருடையது, பிள்ளையின் கையா பெரியவர் கையா? எந்த இடத்தில் படம் வெட்டித் தாவுகிறது? அந்த வெட்டுக்குள் எவ்வளவு நேரம் போயிருக்கும்? பாலர் பள்ளிப் பிள்ளை முதல் கேள்விக்குப் பதில் சொல்லிவிடும். தொடக்கநிலை 2, 3 படிக்கும் பிள்ளை வெட்டுகளை எண்ணத் தொடங்கினால், பிறகு எந்த விளம்பரத்தையும் சும்மா பார்க்காது. உங்களுக்கே கொஞ்சம் தொல்லையாகக்கூட இருக்கும்.

அம்புக்குறி அட்டையோ பொத்தானோ வைத்து நகர்த்தும் குட்டி ரோபோக்களும் இதே கதைதான். விளம்பரத்தில் அது நேர்க்கோட்டில் போய், சரியாகத் திரும்பி, இலக்கில் நிற்கும். வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டின் வழவழப்பான தரையில் சக்கரம் வழுக்கும். பேட்டரி இறங்கினால் 90 பாகை திரும்ப வேண்டியது 80 பாகையில் நின்றுவிடும். நான்கு திருப்பத்தில் ரோபோ சோஃபாவுக்கு அடியில். பொம்மையில் குறை என்று திருப்பிக் கொடுக்க ஓட வேண்டாம். பொத்தானை அழுத்துமுன், அது எங்கே நிற்கும் என்று பிள்ளை கணிக்கும் இடத்தில் ஒரு பத்துக்காசை வைக்கச் சொல்லுங்கள். நின்ற இடத்துக்கும் காசுக்கும் உள்ள இடைவெளியை அளந்து, ஒரு சமயத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள்: முதலில் பாய் விரித்துப் பார்க்கலாம், பிறகு பேட்டரியை மாற்றலாம். நிரல் எழுதுகிறவர் அன்றாடம் செய்வது இதைத்தான். பெட்டியில் 'கோடிங் கற்றுத்தரும்' என்று எழுதியிருக்கும்; கற்றுத்தருவது ரோபோ இல்லை, இப்படி அளந்து திருத்தும் வேலைதான்.

'கற்றுத்தரும்' என்ற அந்தச் சொல்லுக்கு ஒரு வரலாறே இருக்கிறது. பேபி ஐன்ஸ்டீன் ஒளித்தட்டுகள் கைக்குழந்தையின் அறிவை வளர்ப்பவைபோல விற்கப்பட்டன. 2006இல் அமெரிக்காவில் குழந்தைகளுக்காகக் குரல் கொடுக்கும் ஓர் அமைப்பு புகார் கொடுத்தது. 2009இல் டிஸ்னி நிறுவனம், வாங்கியவர்களுக்கு நான்கு தட்டுகள் வரை பணத்தைத் திருப்பித்தர முன்வந்தது. ஒன்பது மாதக் குழந்தைகூட வாசிக்கும் என்று விளம்பரம் செய்த இன்னொரு பொருளின் நிறுவனத்துக்கு எதிராக அமெரிக்க வணிக ஆணையம் 2012இல் எடுத்த வழக்கு, 185 மில்லியன் டாலர் தீர்ப்பில் முடிந்தது. பெரும்பகுதி நிறுத்திவைக்கப்பட்டது என்பது வேறு விஷயம். இரண்டிலும் ஏமாந்தவர்கள் குழந்தைகள் இல்லை, அவர்களைப் பெற்றவர்கள்.

பேசும் பொம்மைகளில் நம் வீடுகளுக்கு ஒரு தனி நட்டம் உண்டு. 10 முதல் 16 மாதக் குழந்தைகள் 26 பேர் பெற்றோரோடு விளையாடும்போது வீட்டில் நடக்கும் பேச்சைப் பதிவுசெய்த ஆய்வு ஒன்று 2015இன் கடைசியில் வெளிவந்தது. பேசி, பாடி, விளக்கெரியும் மின்னணுப் பொம்மைகள் இருந்தபோது பெற்றோர் மிகக் குறைவாகப் பேசினார்கள். மரப் புதிர், கட்டைகள் இருந்தபோது கூடுதலாகப் பேசினார்கள். புத்தகம் இருந்தபோது மிக அதிகம். பொம்மை பேசுகிறது, நாம் வாயை மூடிக்கொள்கிறோம். அந்தப் பொம்மை பேசுவதோ பெரும்பாலும் ஆங்கிலம். இங்கே 2010இல் 32.3 விழுக்காட்டினர் வீட்டில் அதிகம் பேசும் மொழி ஆங்கிலமாக இருந்தது; 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் அது 48.3 விழுக்காடு. பொம்மையால்தான் இது நடந்தது என்று சொல்லவரவில்லை. ஆனால், பாட்டி 'இது என்ன? மாடு. மாடு எப்படிக் கத்தும்?' என்று கேட்கவேண்டிய இடத்தை ஒரு பொத்தான் பிடித்துக்கொள்கிறது, அதற்கு விளம்பரம் 'மொழி வளர்ச்சி' என்று பெயர் வைக்கிறது.

ஏற்கெனவே வாங்கியாகிவிட்டதென்றால் ஒலிபெருக்கித் துளைகள்மேல் அகலமான டேப்பை இரண்டு மடிப்பாக ஒட்டுங்கள், ஒலி நன்றாக அடங்கும். அல்லது பேட்டரியையே கழற்றிவிட்டு மாட்டுக்கு நீங்கள் குரல் கொடுங்கள். பட்டன் பேட்டரி போட்ட பொம்மையாக இருந்தால் மூடியில் திருகாணி இருக்கிறதா என்று பார்த்தே தீர வேண்டும். 20 மி.மீ. அகல லித்தியம் பேட்டரி குழந்தையின் தொண்டையில் சிக்கினால் இரண்டு மணி நேரத்தில் புண்ணாக்கிவிடும். தமிழ் எழுத்துகளை உச்சரிக்கும் பலகை வாங்குவதானால், கடையிலேயே ல, ள, ழ மூன்றையும் அழுத்திக் கேளுங்கள். மூன்றும் ஒரேமாதிரி ஒலித்தால் அங்கேயே வைத்துவிட்டு வரலாம்.

பெட்டியின் வயதுக் குறியையும் பலர் தப்பாகப் படிக்கிறார்கள். '3+' என்பது மூளைக்கான தர அடையாளம் என்று நினைத்து, 'எங்கள் வீட்டுப் பிள்ளை கெட்டி, இரண்டு வயதிலேயே செய்யும்' என்று வாங்கிக் கொடுப்பவர்கள் உண்டு. அந்தக் குறிக்கு முக்கியக் காரணம் மூச்சடைப்பு. 31.7 மி.மீ. விட்டமுள்ள உருளைக்குள் முழுதாக அடங்கிவிடும் பாகம் எதுவும் மூன்று வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களின் பொம்மையில் இருக்கக்கூடாது என்பது பாதுகாப்புச் சோதனை. கெட்டிக்காரப் பிள்ளைக்கும் தொண்டை அதே அளவுதான். 'ஸ்டெம்' (அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கணிதம்), 'மூளை வளர்ச்சி' போன்ற சொற்களுக்கு அப்படி ஓர் உருளைகூடக் கிடையாது.

கற்றல் யாருக்கு, பையனுக்கா பெண்ணுக்கா என்பதிலும் விளம்பரம் மூக்கை நுழைக்கும். 1992இல் மேட்டெல் என்ற பொம்மை நிறுவனம் வெளியிட்ட பேசும் பார்பிக்கு மொத்தம் 270 வாசகங்கள். ஒவ்வொரு பொம்மையும் அதில் நான்கைப் பேசும். ஒரு வாசகம், கணக்கு வகுப்பு கஷ்டம் என்றது. கணக்குப் போட்டால் நூற்றில் ஒன்றிரண்டு பொம்மைதான் அப்படிச் சொல்லும். ஆனாலும் எதிர்ப்பு கிளம்பி, நிறுவனம் அந்த வாசகத்தை நீக்கியது. இன்று எந்தப் பொம்மையும் அவ்வளவு வெளிப்படையாகச் சொல்வதில்லை. அறிவியல் பெட்டியின் மேல் யார் கையில் சோதனைக்குழாய், யார் பக்கத்தில் நின்று வியக்கிறார் என்று பாருங்கள், போதும்.

சிங்கப்பூரில் வரம்பு மீறிய விளம்பரத்தைப் பற்றிச் சொல்ல இடம் இருக்கிறது. பயனீட்டாளர் சங்கத்தின் கீழ் 1976இலிருந்து இயங்கும் விளம்பரத் தர அமைப்பான ஆஸாஸ், பொதுமக்களின் புகாரை இணையப் படிவத்தில் வாங்குகிறது. விளம்பரத்தில் சொல்வதை நிரூபிக்கும் ஆதாரம் விளம்பரதாரர் கையில் இருக்க வேண்டும் என்பது அதன் விதி. பிள்ளைகளின் வெள்ளந்தித்தனத்தைப் பயன்படுத்திக்கொள்ளக் கூடாது என்பதும் விதி. விளம்பரத்தைத் திருத்தவோ நிறுத்தவோ அது கேட்கும், உங்கள் பணத்தை வாங்கித் தராது. பணத்துக்குப் பயனீட்டாளர் சங்கத்திடமோ சிறு கோரிக்கை நடுவர் மன்றத்திடமோ போகவேண்டும்.

புகாரில் எந்த வாசகத்தைப் பிடிக்கிறோம் என்பதில்தான் சூட்சுமம். 'பிள்ளை புத்திசாலியாகும்' என்பது வெறும் பீற்றல், அதை வைத்து யாரையும் மடக்க முடியாது. '30 நாளில் வாசிக்கும்', 'நினைவாற்றல் இரட்டிப்பாகும்' என்பவை அளந்து பார்க்கக்கூடிய கூற்றுகள். அவற்றுக்கு ஆதாரம் கேட்கலாம். விளம்பரம் வந்த தளம், தேதி, திரையைப் பிடித்த படம், ரசீது எல்லாம் சேர்த்து அனுப்புங்கள். காணொளி விளம்பரம் மறுநாளே மாறிவிடலாம், ஆகவே பார்த்தவுடன் பதிவுசெய்துகொள்வது நல்லது. பெட்டியின் ஆறு பக்கத்தையும் படம் எடுத்துவிட்டுத் தூக்கிப் போடுங்கள்; பழைய பொருள் வாங்கும் கரங்குனிக்காரர் வந்துபோன பிறகு அட்டையைத் தேடி அலைய முடியாது.