செம்பருத்தி வாடுமுன்

ஜூன் 1, ஞாயிறு

48 ஆல்கஹால் மார்க்கர் உள்ள பெட்டி வந்துவிட்டது. ஒரு முனை தட்டை, மறுமுனை பிரஷ். கை நேராகச் செம்பருத்தி வரையத்தான் போனது. அடக்கிக்கொண்டு முதலில் கலர் சார்ட் போட்டேன். கட்டம் கட்டமாக ஒவ்வொரு நிறமும், கீழே அதன் எண்ணும். மதியம் முழுக்க இதற்கே ஓடியது. ஆனால் இது இல்லாமல் தொடங்கவே கூடாது. மூடியில் ரோஜா நிறமாகத் தெரிந்த ஒன்று தாளில் பவழ நிறமாக இறங்கியது. ஈரத்தில் அடர்த்தியாக இருக்கும் நிறம் காய்ந்தபின் கொஞ்சம் வெளுக்கிறது. இனி மூடியை நம்பப் போவதில்லை, சார்ட்டைத்தான்.

ஜூன் 3, செவ்வாய்

சாதாரண ஏ4 தாளில் ஒரு பூ. மை கோட்டைத் தாண்டிப் பரவி, அடியில் இருந்த இரண்டு தாளிலும் இறங்கிவிட்டது. அதைவிட வருத்தம், பேனாவால் போட்ட கோடே கரைந்து, இதழ் ஓரமெல்லாம் சாம்பல் பூத்துவிட்டது. மார்க்கர் மையில் இருப்பது ஆல்கஹாலில் கரைந்த சாயம். ஆல்கஹாலில் கரையக்கூடிய எந்தப் பேனா மையையும் அது இழுத்துக்கொண்டு போகும். ஆல்கஹாலில் கரையாத நிறமி மை கொண்ட ஃபைன்லைனரும் (மெல்லிய கோட்டுப் பேனா), வழவழப்பான மார்க்கர் பேப்பரும் வாங்கி வந்தேன். கோடு போட்டபின் நன்றாகக் காயவிட வேண்டும்.

ஜூன் 6, வெள்ளி

அம்மா காலையிலேயே செம்பருத்தியைப் பூஜைக்குப் பறித்துவிடுவாள். ஒன்றை மட்டும் விடச் சொன்னேன். "வெள்ளிக்கிழமையும் அதுவுமா சாமிக்குக் குறைக்கிறியே" என்றாள். ஆனாலும் விட்டாள்.

அரைமணி நேரம் மார்க்கரைத் தொடாமல் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஐந்து இதழ்; ஒவ்வொன்றின் ஓரமும் அடுத்ததன்மேல் விசிறி மடிப்புபோலப் படிந்திருக்கிறது. அடியில் கருஞ்சிவப்பு. அங்கிருந்துதான் நரம்புகள் கிளம்பி ஓரத்துக்கு ஓடுகின்றன. நடுவே நீளும் தண்டில் மஞ்சள் மகரந்தம், அதன் நுனியில் ஐந்து சிவப்புப் பொட்டு. இத்தனை வருஷமாகத் தினமும் பார்க்கும் பூ. அந்த ஐந்து பொட்டை இன்றுதான் எண்ணினேன்.

ஜூன் 8, ஞாயிறு

இன்று நிறம் கலக்கப் பிடிபட்டது. ஒரே குடும்பத்தில் மூன்று சிவப்பு வேண்டும்: வெளிர், நடு, அடர். முதலில் இதழ் முழுக்க வெளிர். ஈரம் போவதற்குள் அடியிலிருந்து மேல்நோக்கி, நரம்பு போகும் திசையிலேயே நடுநிறத்தை விசிற வேண்டும். கை மேலே போகப் போக அழுத்தம் குறைந்து, கோடு கூராக முடிய வேண்டும். அடியில் மட்டும் அடர்சிவப்பு. அப்புறம் நிறங்கள் சேரும் இடத்தில் மறுபடி வெளிர். கோடு தெரியாமல் கலந்துவிடுகிறது! மை சீக்கிரம் காய்வதால் ஒரு நேரத்தில் ஒரு இதழ்தான். மூன்றாவது இதழைத் திரும்பத் திரும்பத் தேய்த்தேன். தாள் ஊறி, சிவப்பு கோட்டுக்கு வெளியே கசிந்தது. நிறமற்ற பிளெண்டரை (சாயம் இல்லாத, கலக்க மட்டுமே உதவும் மார்க்கர்) வைத்ததும் கறை அழியவில்லை, வேறு பக்கம் நகர்ந்தது.

ஜூன் 12, வியாழன்

என் பெட்டியில் நடுச்சிவப்பு சரியாக இல்லை. கோபிக் என்ற மார்க்கர் பிராண்டில் தனித்தனியாகக் கிடைக்கிறது. விலை அதிகம் என்பதால் மூன்றே மூன்று: ஆர்22, ஆர்24, ஆர்29. எழுத்து நிறக் குடும்பத்தைச் சொல்கிறது, கடைசி எண் கூடக்கூட நிறம் அடர்த்தியாகும். கலக்க எதை எடுப்பது என்று தடுமாற வேண்டியதில்லை. எல்லா மார்க்கரையும் படுக்கவைத்துவிட்டேன். இரட்டை முனை என்பதால் நிற்கவைத்தால் மை கீழ்முனைக்கே இறங்கிவிடும்.

ஜூன் 15, ஞாயிறு

காலை எட்டுக்கு டம்ளரில் ஒரு பூவை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். செம்பருத்திக்கு ஒரு நாள்தான் ஆயுசு. நான்கு இதழ் முடியும்போது மணி நான்கு. ஓரங்கள் உள்ளே சுருளத் தொடங்கியிருந்தன. ஐந்தாவதைப் பாதி பார்த்தும் பாதி நினைவிலிருந்தும் போட்டேன். கடைசியாக, இதழின் மேட்டில் வெள்ளை ஜெல் பேனாவால் இரண்டு கீற்று. ஈரம் மினுங்குவதுபோல் வந்துவிட்டது.

அம்மா தாளைக் கையில் வாங்கி வெகுநேரம் பார்த்தாள். பூஜை அலமாரிக்குப் பக்கத்தில் ஒட்டலாமா என்றாள். அங்கே ஜன்னல் வெயில் விழும், இந்தச் சாயம் வெளுத்துவிடும் என்றதும் நோட்டுக்குள் பத்திரமாக வைத்தாள்.

"மஞ்சள் செம்பருத்தியில மொட்டு பெருசா இருக்கு. நாளைக்கு விரியும். பறிக்காம விடுறேன்."

மஞ்சளுக்கு நிழல் சாம்பலில் போட்டால் அழுக்காகத் தெரியும். சார்ட்டைப் பார்த்து இரண்டு மஞ்சளும் ஓர் இளம் ஆரஞ்சும் எடுத்து வைத்திருக்கிறேன்.