இஎஸ்பிபி பங்குகளை விற்ற ஆண்டில் வரிக் கணக்கு: அடக்க விலையைச் சரியாகக் காட்டுவது பற்றி

அமெரிக்க நிறுவனங்களில் வேலை செய்யும் நம்மவர்களில் பலருக்கு, சம்பளத்துக்கு அடுத்தபடியாகக் கிடைக்கும் நல்ல பலன்களில் ஒன்று ஊழியர் பங்கு வாங்கும் திட்டம். எல்லோரும் சுருக்கமாக இஎஸ்பிபி என்றே சொல்கிறோம். ஒவ்வொரு சம்பளத்திலும் ஒரு பகுதியைப் பிடித்துவைத்து, பெரும்பாலும் 6 மாதத்துக்கு ஒரு முறை, அந்தப் பணத்தைக் கொண்டு நிறுவனத்தின் பங்குகளை 15 சதவீதம் வரை தள்ளுபடியில் வாங்கித் தருவார்கள். வாங்கும் நாளில் வரி எதுவும் இல்லை. விற்கும் ஆண்டில்தான் வரி வருகிறது. அந்த ஆண்டின் கணக்கில்தான், ஒரே வருமானத்துக்கு இரண்டு முறை வரி கட்டிவிடும் நிலை, எண்களோடு தினமும் புழங்குகிறவர்களுக்குக்கூட நேர்கிறது. வரிக்காலத்தில் நண்பர்களின் கணக்குகளைப் பார்த்துக் கொடுக்கும்போதெல்லாம் நான் காண்பது இதைத்தான் என்பதால், இதைச் சற்று விரிவாகவே எழுதிவைக்கிறேன். நான் சொல்வது வரிச் சட்டத்தின் 423ஆம் பிரிவின் கீழ் வரும் திட்டங்களுக்கும், அமெரிக்காவில் வரி நோக்கில் வசிப்பவராகக் கருதப்பட்டு 1040 படிவத்தில் கணக்கு தாக்கல் செய்பவர்களுக்கும் பொருந்தும்.

சிக்கலின் வேர் இரண்டு காகிதங்களில் இருக்கிறது. பங்கை விற்றால், தரகு நிறுவனம் அடுத்த ஆண்டு தொடக்கத்தில் 1099-பி என்னும் படிவத்தை உங்களுக்கும் வருமான வரித் துறையான ஐஆர்எஸ்ஸுக்கும் அனுப்புகிறது. அதில் விற்ற தொகையும், அடக்க விலையும் (பங்குக்கு உங்களுக்கு ஆன செலவாகக் கணக்கில் கொள்ளும் தொகை) இருக்கும். நிறுவனமோ, தள்ளுபடியாக நீங்கள் பெற்ற பலனைச் சம்பளமாகக் கருதி, ஆண்டுச் சம்பளத்தைக் காட்டும் டபிள்யூ-2 படிவத்தின் முதல் பெட்டியில் சேர்த்துவிடுகிறது. சம்பளமாகக் கருதி வரி விதித்த தொகை உங்கள் அடக்க விலையோடு சேர வேண்டும் என்பது சட்டத்தின் அடிப்படை. ஆனால் 2014 ஜனவரி 1 முதல் வழங்கப்பட்ட பங்கு வாங்கும் உரிமைகளுக்கு, தரகு நிறுவனம் அந்தத் தொகையை 1099-பியில் உள்ள அடக்க விலையோடு சேர்க்கவே கூடாது என்று விதிமுறை சொல்கிறது. அதற்கு முன்பு, விரும்பினால் சேர்க்கலாம் என்று இருந்தது. ஆகவே இன்று அந்தப் படிவத்தில் நீங்கள் பார்க்கும் அடக்க விலை, உங்கள் கையிலிருந்து போன பணம் மட்டுமே. படிவத்தில் பிழை இல்லை, விதி அப்படி. ஆனால் அதை அப்படியே எடுத்து வரிக் கணக்கில் போட்டால், தள்ளுபடித் தொகை ஒரு முறை சம்பளமாகவும் மறுமுறை மூலதன ஆதாயமாகவும், அதாவது பங்கை விற்றதில் வந்த லாபமாகவும், எண்ணப்படுகிறது.

ஓர் உதாரணத்தை வைத்துக்கொள்வோம். 2024 ஜனவரி 2 அன்று திட்டத்தின் காலம் தொடங்குகிறது. அன்று பங்கின் சந்தை விலை 100 டாலர். ஜூன் 28 அன்று பங்கு வாங்கப்படுகிறது. அன்றைய விலை 120 டாலர். தொடக்க நாள், வாங்கிய நாள் ஆகிய இரண்டில் எது குறைவோ அந்த விலையில் 15 சதவீதம் கழிப்பது திட்டத்தின் முறை என்றால், உங்களுக்கு ஒரு பங்கு 85 டாலருக்குக் கிடைக்கும். 100 பங்குகளுக்கு 8,500 டாலர் கொடுத்திருக்கிறீர்கள். 2025 ஜனவரியில் அவற்றை 130 டாலர் வீதம் விற்றால் 13,000 டாலர் வரும். இவ்வளவு சீக்கிரம் விற்றதால், வாங்கிய நாளின் சந்தை விலைக்கும் நீங்கள் கொடுத்த விலைக்கும் உள்ள வேறுபாடு, பங்குக்கு 35 டாலர், மொத்தம் 3,500 டாலர், முழுவதும் சம்பள வருமானம். ஆகவே உண்மையான அடக்க விலை 8,500 அல்ல, 12,000. மூலதன ஆதாயம் 1,000 டாலர் மட்டுமே. ஆனால் 1099-பி சொல்லும் கணக்குப்படி ஆதாயம் 4,500 டாலராகத் தோன்றும். 24 சதவீத வரி அடுக்கில் இருப்பவர் இதைத் திருத்தாமல் விட்டால் 840 டாலர் கூட்டாட்சி வரியை வீணாகக் கட்டுகிறார். கலிஃபோர்னியா போல மூலதன ஆதாயத்துக்கும் சம்பளத்துக்குரிய விகிதத்திலேயே வரி போடும் மாநிலத்தில் இருந்தால் அதற்கு மேலும் போகும். ஆண்டுக்கு இருமுறை வாங்கி, வாங்கியவுடன் விற்கும் வழக்கம் உள்ளவர்களுக்கு இந்த இழப்பு ஒவ்வோர் ஆண்டும் தொடரும் என்பதுதான் எனக்கு மிகவும் வருத்தம் தருவது.

திருத்தும் இடம், வரிக் கணக்கில் பங்கு விற்பனைகளைப் பட்டியலிடும் 8949 படிவம். இங்கே ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். அடக்க விலை ஐஆர்எஸ்ஸுக்குத் தெரிவிக்கப்பட்டதாக 1099-பியில் குறித்திருந்தால், அந்த விலையை அழித்துவிட்டு 12,000 என்று எழுதக் கூடாது. ஐஆர்எஸ் கணினியில் இருக்கும் எண்ணோடு உங்கள் எண் பொருந்த வேண்டும் என்பதால், ‘இ’ நிரலில் 8,500 என்றே எழுதி, ‘எஃப்’ நிரலில் ‘பி’ என்னும் குறியீட்டை இட்டு, ‘ஜி’ நிரலில் 3,500 டாலரைக் கழித்தல் எண்ணாகக் காட்ட வேண்டும். அப்போது கடைசி நிரலில் ஆதாயம் 1,000 டாலர் என்று வந்து நிற்கும்; அது மூலதன ஆதாயங்களைத் தொகுத்துக் காட்டும் ஷெட்யூல் டிக்குப் போகும். அடக்க விலை ஐஆர்எஸ்ஸுக்குத் தெரிவிக்கப்படவில்லை என்று குறித்திருந்தால் மட்டும் சரியான விலையை நேரடியாக ‘இ’ நிரலிலேயே எழுதலாம். வரி மென்பொருளில் 1099-பியைத் தானாக இறக்கிக்கொள்ளும் வசதி இருப்பதால் பலர் இந்த இடத்தைப் பார்க்காமலேயே கடந்துவிடுகிறார்கள். இறங்குவது தரகு நிறுவனம் ஐஆர்எஸ்ஸுக்கு அனுப்பிய எண்தான். திருத்திய அடக்க விலை, பல தரகு நிறுவனங்கள் தனியாகத் தரும் துணை அறிக்கையில் இருக்கும். அந்தப் பக்கத்தைத் தேடி எடுத்து, எண்ணைக் கையால்தான் உள்ளிட வேண்டும்.

எப்போது விற்கிறோம் என்பதைப் பொறுத்துச் சம்பளப் பகுதி மாறுகிறது. திட்டக் காலம் தொடங்கிய நாளிலிருந்து 2 ஆண்டுகளும், வாங்கிய நாளிலிருந்து ஓர் ஆண்டும் கடந்த பிறகு விற்றால் அது தகுதி பெற்ற விற்பனை. இந்த இரண்டில் ஒன்று குறைந்தாலும் தகுதி இழந்த விற்பனை. நம் உதாரணத்தில் 2026 ஜனவரி 2 கடந்த பிறகு அதே 130 டாலருக்கு விற்றிருந்தால், இரண்டு தொகைகளில் குறைந்தது மட்டுமே சம்பளமாகக் கருதப்படும்: ஒன்று, தொடக்க நாள் விலையில் கிடைத்த தள்ளுபடியான 15 டாலர், மற்றது, விற்ற விலைக்கும் வாங்கிய விலைக்கும் உள்ள வேறுபாடான 45 டாலர். ஆகவே சம்பள வருமானம் 1,500 டாலர், அடக்க விலை 10,000 டாலர், நீண்டகால மூலதன ஆதாயம் 3,000 டாலர். இரண்டுக்கும் நடுவே ஒரு காலம் இருக்கிறது என்பதைப் பலர் அறிவதில்லை. 2025 ஜூன் இறுதிக்குப் பிறகு, 2026 ஜனவரிக்கு முன்பு விற்றால், விற்பனை தகுதி இழந்ததாகவே இருக்கும். 3,500 டாலரும் சம்பளம்தான். ஆனால் அதற்கு மேல் வரும் ஆதாயம், வாங்கி ஓராண்டு கடந்துவிட்டதால், நீண்டகால ஆதாயம்.

தகுதி பெற்ற விற்பனைதான் எப்போதும் லாபம் என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. பங்கு விலை ஏறியபோது வாங்கியிருந்தால் அது சரி. விலை சரிந்த காலத்தில் வாங்கியவர்களுக்கு அது சரியல்ல. தொடக்க நாளில் 100 டாலராக இருந்த பங்கு, வாங்கும் நாளில் 60 டாலருக்கு இறங்கிவிட்டது என்று கொள்ளுங்கள். உங்களுக்கு அது 51 டாலருக்குக் கிடைத்திருக்கும். பிறகு விலை மீண்டு 110 டாலருக்கு வந்தபோது, மேலே சொன்ன நடுக்காலத்தில் விற்றால், சம்பள வருமானம் பங்குக்கு 9 டாலர். மீதி 50 டாலர் நீண்டகால ஆதாயம். அதே விலைக்குத் தகுதி பெறும்வரை காத்திருந்து விற்றால், சம்பள வருமானம் 15 டாலர், நீண்டகால ஆதாயம் 44 டாலர். காத்திருந்ததற்குப் பலனாக, குறைந்த விகிதத்தில் வரி கட்ட வேண்டிய 6 டாலர் கூடிய விகிதத்துக்கு நகர்ந்திருக்கிறது. பெரிய தொகை அல்ல. ஆனாலும் தகுதிக்காகவே ஒரு பங்கைப் பிடித்துவைத்திருப்பவர்கள் இதை ஒரு முறை போட்டுப் பார்த்துவிடுவது நல்லது. என் கருத்தில், சம்பளமும் சேமிப்பும் ஒரே நிறுவனத்தை நம்பியிருக்கும்போது, சில நூறு டாலர் வரிக்காகப் பங்கைப் பல மாதங்கள் வைத்திருப்பது பெரும்பாலானவர்களுக்குப் பொருத்தமான முடிவு அல்ல. தகுதி இழந்த விற்பனைக்குத் தண்டமோ அபராதமோ எதுவும் கிடையாது.

விலை சரிந்த இந்த உதாரணத்தில் இன்னொரு பொறி இருக்கிறது. பங்குகள் உங்கள் பெயருக்கு மாறிய ஆண்டுக்கு அடுத்த ஜனவரி இறுதிக்குள் நிறுவனம் உங்களுக்கு 3922 என்னும் படிவத்தைத் தர வேண்டும். அதன் 3ஆம் பெட்டியில் தொடக்க நாளின் சந்தை விலை, 4ஆம் பெட்டியில் வாங்கிய நாளின் சந்தை விலை, 5ஆம் பெட்டியில் நீங்கள் கொடுத்த விலை இருக்கும். தகுதி பெற்ற விற்பனையின் தள்ளுபடியைக் கண்டுபிடிக்க 3ஆம் பெட்டியிலிருந்து 5ஆம் பெட்டியைக் கழித்தால், 100இலிருந்து 51 போக 49 டாலர் என்று வரும். அது தவறான விடை. தொடக்க நாளிலேயே வாங்கியிருந்தால் என்ன விலை கொடுத்திருப்பீர்கள் என்பதை 8ஆம் பெட்டி சொல்கிறது. இங்கே அது 85 டாலர். கழிக்க வேண்டியது அதைத்தான், விடை 15. விலை ஏறிய உதாரணத்தில் 5ஆம் பெட்டியும் 8ஆம் பெட்டியும் ஒன்றாகவே இருப்பதால் இந்த வேறுபாடு கண்ணில் படாது.

நட்டத்துக்கு விற்றால் சம்பளப் பகுதி இல்லை என்பது தகுதி பெற்ற விற்பனைக்கு மட்டுமே பொருந்தும். முதல் உதாரணத்தின் பங்குகளை வாங்கிய சில மாதங்களில் 80 டாலருக்கு விற்றிருந்தால், கையில் 500 டாலர் நட்டம். ஆனாலும் 3,500 டாலர் சம்பளமாகவே எண்ணப்படும், அதற்கு எதிராக 4,000 டாலர் மூலதன நட்டம் காட்டப்படும். வேறு மூலதன ஆதாயம் இல்லாதவர் ஓர் ஆண்டில் மற்ற வருமானத்திலிருந்து 3,000 டாலர் நட்டம்தான் கழிக்க முடியும் என்பதால், மீதி 1,000 டாலர் அடுத்த ஆண்டுக்குப் போகும். இத்தகைய நட்டத்தில் அடக்க விலையைத் திருத்தாமல் விடுவது மிகவும் கொடுமையானது. பணத்தை இழந்தவர், பெறாத லாபத்துக்கும் வரி கட்டியவராகிறார்.

அடக்க விலையைக் கூட்டுவதற்கு முன், சம்பளப் பகுதி உண்மையிலேயே டபிள்யூ-2இல் சேர்ந்திருக்கிறதா என்று பார்த்துவிட வேண்டும். சில நிறுவனங்கள் அந்தத் தொகையை 14ஆம் பெட்டியில் தனியாகக் குறிப்பிடுகின்றன. குறிப்பிடாவிட்டால், ஆண்டின் கடைசிச் சம்பளச் சீட்டோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம், அல்லது சம்பளப் பிரிவிலேயே கேட்கலாம். வேலை மாறியவர்களுக்கும், பங்குகளை வேறு தரகு நிறுவனத்துக்கு மாற்றிவிட்டவர்களுக்கும் அது விடுபட்டுப்போவதுண்டு, ஏனெனில் விற்பனை நடந்ததே பழைய நிறுவனத்துக்குத் தெரிந்திருக்காது. விடுபட்டிருந்தால் அதை நீங்களே சம்பள வருமானத்தோடு சேர்த்துக் காட்ட வேண்டும். அப்போதுதான் அடக்க விலையைக் கூட்டும் உரிமையும் வருகிறது. இந்தப் பகுதிக்குச் சமூகப் பாதுகாப்பு வரியும் மெடிகேர் வரியும் இல்லை. வருமான வரியையும் நிறுவனம் பிடித்தம் செய்ய வேண்டியதில்லை. பெரிய தொகைக்கு விற்றவர்கள், ஏப்ரலில் ஒரேயடியாகக் கட்ட நேர்வதையும் அதோடு வரும் அபராதத்தையும் தவிர்க்க, அந்தக் காலாண்டிலேயே முன்வரி கட்டிவிடலாம், அல்லது சம்பள வரிப் பிடித்தத்துக்காக நிறுவனத்திடம் தரும் டபிள்யூ-4 படிவத்தில் பிடித்தத்தைக் கூட்டிக்கொள்ளலாம்.

ஆண்டு முடிவில் நட்டத்துக்கு விற்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். விற்பதற்கு முன்போ பின்போ 30 நாட்களுக்குள் அதே நிறுவனப் பங்கை வாங்கினால், வாங்கிய பங்குகளின் அளவுக்கு அந்த நட்டத்தை அப்போது கழிக்க முடியாது. அது புதிய பங்குகளின் அடக்க விலையோடு சேரும். டிசம்பர் நடுவில் பழைய பங்குகளை நட்டத்துக்கு விற்று, டிசம்பர் 31 அன்று திட்டத்தின்படி தானாகவே புதிய பங்குகள் வாங்கப்பட்டால், இந்த விதிக்குள் வந்துவிடுவீர்கள்.

முந்தைய ஆண்டுகளில் திருத்தாமல் தாக்கல் செய்துவிட்டவர்கள் கூடுதலாகக் கட்டிய வரியைத் திரும்பப் பெற முடியும். கணக்கு தாக்கல் செய்த நாளிலிருந்து 3 ஆண்டுகள், அல்லது வரி கட்டிய நாளிலிருந்து 2 ஆண்டுகள், எது பிந்தியதோ அதற்குள், தாக்கல் செய்த கணக்கைத் திருத்துவதற்கான 1040-எக்ஸ் படிவத்தை, திருத்திய 8949, ஷெட்யூல் டி ஆகியவற்றோடு அனுப்ப வேண்டும். மாநில வரி உள்ள இடங்களில் மாநிலக் கணக்கையும் தனியாகத் திருத்த வேண்டும். 3922 படிவத்தை வரிக் கணக்கோடு இணைக்கத் தேவையில்லை. பங்குகளை விற்பது பல ஆண்டுகள் கழித்தாக இருக்கலாம், அதற்குள் வேலை மாறி நிறுவனத்தின் இணையக் கணக்கும் மூடப்பட்டிருக்கலாம் என்பதால், ஒவ்வொரு முறை வாங்கியதற்கும் வந்த படிவத்தைத் தனித்தனியாகச் சேமித்து, விற்ற ஆண்டின் கணக்கைத் தாக்கல் செய்து குறைந்தது 3 ஆண்டுகள்வரை வைத்திருங்கள்.