18-ம் 20-ம்

"இது 20 வோல்ட்டுண்ணா, அது வெறும் 18" என்றார் கடைக்காரத் தம்பி. கிருஷ்ணகிரி ரவுண்டானாவுக்குப் பக்கத்துக் கடை. மச்சானுக்குத் திருகு ஏற்றும் பேட்டரி மெஷின் வாங்கப் போயிருந்தோம்.

மச்சான் அந்த 20 வோல்ட் மெஷினின் பேட்டரியைக் கழற்றித் திருப்பினார். பொடி எழுத்தில் அதிலும் 18 என்றே இருந்தது. இரண்டிலும் வரிசையாக ஐந்து செல். முழு சார்ஜில் செல்லுக்கு 4 என்று எண்ணினால் 20, சராசரியாக 3.6 என்று எண்ணினால் 18. வித்தியாசம் அவ்வளவுதான்.

மச்சான் ஷீட் கூரை போடுகிறவர். சாதாரண டிரில்லில் திருகு ஏற்றி ஏற்றி, சாயங்காலம் ஆனால் வலது மணிக்கட்டுக்குத் தைலம் தேய்க்காமல் தூங்க மாட்டார். அதற்காகத்தான் இந்த இம்பாக்ட் டிரைவர். உள்ளே சின்னச் சுத்தி மாதிரி ஒன்று சுழன்று அடித்தே திருகைத் திருப்புவதால், கை முறுக்கிக்கொள்வது வெகுவாகக் குறையும்.

ஒரு பழைய கட்டையில் ஓட்டிப் பார்த்தார். டக்டக்டக். திருகு முழுசாக இறங்கிவிட்டது. அவர் திருகைப் பார்க்கவில்லை, மணிக்கட்டைத்தான் பார்த்தார்.

பிரஷ்லெஸ், அதாவது தேய்கிற கார்பன் இல்லாத மோட்டார் வைத்தது, விலை எங்கள் கைக்கு எட்டவில்லை. கார்பன் வைத்த மோட்டாரே போதும் என்று முடிவு செய்தோம். கார்பன் தேய்ந்தால் நாமே மாற்றிக்கொள்ளலாம். மிச்சமான பணத்தில் இன்னொரு பேட்டரி. கூரைமேல் நிற்கிறவருக்கு அதுதான் முக்கியம் என்று எனக்குத் தோன்றியது.

அப்புறம், சத்தம் அதிகம். காதடைப்பானும் வாங்கிக் கொடுத்தேன்.

நாளைக்குப் பர்கூர் பக்கம் ஒரு மாட்டுக்கொட்டகை. விடிந்தால் கிளம்ப வேண்டும், இரண்டு பேட்டரியும் சார்ஜில் கிடக்கின்றன.