இரு கொடிகளின் கீழ் ஒரு கப்பல்

விசாகப்பட்டினத்தைத் தளமாகக் கொண்ட ஐ.என்.எஸ். ஜலஷ்வா, 1971இல் யு.எஸ்.எஸ். ட்ரென்டன் என்ற பெயரில் அமெரிக்கக் கடற்படையில் சேர்ந்த கப்பல். 1991 ஜனவரியில் சோமாலியத் தலைநகர் மொகதிசுவின் அமெரிக்கத் தூதரகத்தில் சிக்கியிருந்தோரை மீட்கச் சென்ற முதல் இரு ஹெலிகாப்டர்களும் இதன் மேல்தளத்திலிருந்தே எழும்பி, வழியில் வானிலேயே எரிபொருள் நிரப்பிக்கொண்டு பறந்தன.

2007இல் இந்தியக் கடற்படைக்கு வந்தது. அடுத்த ஆண்டே கப்பலுக்குள் நச்சுவாயு கசிந்து கடற்படையினர் ஆறு பேர் உயிரிழந்தனர். அவர்களைக் குறிப்பிடாமல் இதன் வரலாற்றை எழுத எனக்கு மனம் வரவில்லை.

படைவீரர்களையும் கவச வாகனங்களையும் எதிரிக் கரையில் இறக்குவதற்கென்றே கட்டப்பட்ட இக்கப்பல், 2020இல் கொரோனாப் பெருந்தொற்றுக் காலத்தில் வெளிநாடுகளில் சிக்கிய இந்தியர்களைக் கடல்வழியே அழைத்துவரும் 'சமுத்திர சேது' நடவடிக்கையின்கீழ் மாலத்தீவிலிருந்து 698 பேரைக் கொச்சிக்கும், பின்னர் கொழும்பிலிருந்தும் ஈரானின் பந்தர் அப்பாஸிலிருந்தும் நூற்றுக்கணக்கானோரைத் தூத்துக்குடிக்கும் கொண்டுவந்து சேர்த்தது. ஈரானிலிருந்து வந்தவர்களுள் பலர் தமிழக மீனவர்கள்.