அந்த 'ன்' பிடிபட்ட கதை

இஸ்தான்புல்லில் வேலைக்குச் சேர்ந்த மூன்றாவது மாதம். மாடி வீட்டுப் பாட்டி படிக்கட்டில் நிறுத்தி, "அன்னென் நசுல்?" என்று விசாரித்தார். உன் அம்மா எப்படி இருக்கிறார் என்று அர்த்தம். துருக்கி மொழியில் அன்னெ என்றால் அம்மா. நான் "அன்னென் இயி" என்றேன். அதாவது, 'உன் அம்மா நலம்'. பாட்டி தன் நெஞ்சில் கை வைத்து, "அன்னெம்" என்று பொறுமையாகத் திருத்தினார். 'ம்' வந்தால் என், 'ன்' வந்தால் உன்.

வேற்றுமை உருபுகளில் எனக்குச் சிரமமே இல்லை. எவ் வீடு, எவெ வீட்டுக்கு, எவ்தெ வீட்டில், எவ்தென் வீட்டிலிருந்து. 'கிதாப் ஒகுதும்' என்றால் புத்தகம் படித்தேன். 'கிதாபு ஒகுதும்' என்றால் புத்தகத்தைப் படித்தேன், குறிப்பிட்ட அந்தப் புத்தகத்தை. நாமும் இப்படித்தானே 'ஐ' போடுகிறோம், விடுகிறோம்! அந்தக் கடைசி 'பு'கூட நம் குற்றியலுகரம் மாதிரிதான்; அந்த உகர ஒலிக்குத் துருக்கி மொழியில் மேலே புள்ளியில்லாத i, அதாவது ı என்ற தனி எழுத்தே உண்டு.

உடைமை விகுதியில்தான் திணறினேன். நமக்கு உடையவர் முன்னால் வருவார்: என் வீடு. அங்கே வீட்டுக்குப் பின்னால் ஒட்டிக்கொள்வார்: எவிம் என் வீடு, எவின் உன் வீடு, எவி அவர் வீடு. வேற்றுமை உருபு அதற்கும் பின்னால். சரி, அப்படியானால் 'அவர் வீட்டில்' என்பது எவிதெ என்றுதானே வர வேண்டும்? வருவதோ எவின்தெ. 'உன் வீட்டில்' என்பதும் அதே எவின்தெதான். யார் எவின்தெ என்றாலும் என் வீட்டைத்தான் சொல்கிறார்கள் என்று பல நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஓர் இரவு நோட்டில் சுட்டுப் பெயர்களை எழுதிப் பழகிக்கொண்டிருந்தேன். பு இது, புனு இதை. ஒ அது, ஒனு அதை. பக்கத்தில் தமிழில் 'இதனை, அதனை' என்று எழுதியதும் கை நின்றுவிட்டது. அது + அன் + ஐ. பள்ளியில் படித்த சாரியை! இரண்டும் உறவு மொழிகள் என்று சொல்ல வரவில்லை. ஆனால் எனக்குச் சாவி அங்கேதான் கிடைத்தது. படர்க்கை உடைமைக்கும் வேற்றுமை உருபுக்கும் இடையில் வரும் 'ன்'னைச் சாரியையாகப் பார்த்தேன். எவி + ன் + தெ. எவினெ, எவினி, எவின்தென் எல்லாம் வரிசையாகப் பிடிபட்டன. குழப்பம் வருமிடத்தில் துருக்கியரே முன்னால் செனின் (உன்), ஒனுன் (அவருடைய) சேர்த்துக்கொள்கிறார்கள்.

அப்புறம் ஒரு வாரம் பாட்டியைக் காணவில்லை. திரும்பி வந்ததும் கேட்டேன்: "குஸுனுஸுன் எவின்தெ மிய்தினிஸ்?" உங்கள் மகள் வீட்டில் இருந்தீர்களா?

"எவெத்," என்றார், "குஸுமுன் எவின்தெய்திம்." ஆமாம், என் மகள் வீட்டில்தான் இருந்தேன்.