ஆறு மணி அழைப்பு

என் கணவர் வேலைக்காக வெளிநாடு புறப்பட்டபோது எங்கள் மகளுக்கு 14 மாதம். அவர் முதல் விடுப்பில் திரும்பி வந்தபோது அவளுக்கு 25 மாதம் முடிந்திருந்தது. தத்தித் தத்தி நடந்துகொண்டிருந்தவள் ஓடக் கற்றுக்கொண்டதும், நான்கைந்து சொற்களை மட்டுமே வைத்திருந்தவள் கோவையாகப் பேசத் தொடங்கியதும் இடைப்பட்ட அந்த 11 மாதங்களில்தான். அந்தக் காலம் முழுவதும் அவளுடைய அப்பா என் உள்ளங்கை அளவுள்ள ஒரு திரைக்குள் இருந்தார்.

அண்மையில் தன் கணவரை வெளிநாட்டுக்கு வழியனுப்பிவிட்டு வந்த தோழி ஒருத்தி, "குழந்தை அவரை மறந்துவிடுமா?" என்று என்னிடம் கேட்டாள். மறக்காது என்று உடனே சொல்லிவிட்டேன். ஆனால் அந்த ஒரு சொல்லுக்குப் பின்னால் நாங்கள் மூவரும் கடந்துவந்ததை அன்று அவளிடம் சொல்ல முடியவில்லை. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

அவர் புறப்பட்ட விதத்திலேயே நாங்கள் தவறு செய்தோம். நள்ளிரவு தாண்டி விமானம். "குழந்தை தூங்கும்போதே கிளம்பிவிடுங்கள், விழித்தால் அழுவாள்" என்று பெரியவர்கள் சொன்னது எங்களுக்கும் நியாயமாகவே பட்டது. மறுநாள் காலை அவள் எழுந்து குளியலறைக் கதவைத் தட்டினாள், திரைச்சீலையை விலக்கிப் பார்த்தாள், அவருடைய செருப்பு வழக்கமாக இருக்கும் இடத்துக்குப் போய் நின்றாள். அழவே இல்லை. அழுதிருந்தால் எனக்குச் சற்று எளிதாக இருந்திருக்கும். அதன் பிறகு ஏறத்தாழ ஒரு மாதம், இரவில் இரண்டு மூன்று முறை விழித்து, நான் பக்கத்தில் இருக்கிறேனா என்று கையால் தடவிப் பார்த்துவிட்டே மீண்டும் உறங்கினாள். உறங்கும் நேரத்தில் ஆட்கள் காணாமல் போவார்கள் என்பதை நாங்களே அவளுக்குக் கற்றுக்கொடுத்திருந்தோம்.

கண்ணுக்கு மறைந்த பொருளும் எங்கோ இருக்கிறது என்ற அறிவு குழந்தைக்கு எப்படி வருகிறது என்பதைச் சுவிட்சர்லாந்து உளவியலாளர் ழான் பியாஜே தன் பிள்ளைகளைக் கவனித்தே விளக்கினார். முதல் வயதின் பிற்பாதியில் துணிக்கு அடியில் ஒளித்த பொம்மையைக் குழந்தை தேடத் தொடங்குகிறது. பிரிவைக் கண்டு அஞ்சுவதும் அதையொட்டியே வளர்ந்து, ஏறக்குறைய 10 மாதத்திலிருந்து 18 மாதம் வரை உச்சத்தில் இருக்கிறது. அப்பா எங்கோ இருக்கிறார் என்பது என் மகளுக்குத் தெரிந்திருந்தது. எங்கே என்றும் எப்போது வருவார் என்றும் கேட்கத்தான் மொழி இல்லை. அப்படிப்பட்ட வயதில் சொல்லாமல் பிரிந்ததை இன்றும் என்னால் எளிதாக எடுத்துக்கொள்ள முடியவில்லை. அவளுக்குப் புரிந்தாலும் புரியாவிட்டாலும், விழித்திருக்கும்போது முகம் பார்த்து விடைபெற்றிருக்க வேண்டும்.

அவருடைய கடிகாரம் எங்களுடையதைவிட நாலரை மணி நேரம் பின்தங்கி ஓடியது. அவள் காலையில் எழும்போது அவருக்கு நடுநிசி. அவள் தூங்கப் போகும்போது அவருக்கு வேலை நேரம். இரண்டு நாட்களும் உரசிக்கொள்ளும் ஒரே இடம் அவருடைய மதிய உணவு இடைவேளைதான். அவருக்கு மதியம் ஒன்றரை மணி என்றால் எங்களுக்கு மாலை ஆறு. இலையுதிர்காலத்தில் அந்த நாட்டில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளி வைத்தபோது எங்கள் ஆறு மணி ஒரே இரவில் ஏழு மணியாகிவிட்டது. பெரியவர்களுக்கு அது ஒன்றுமில்லை. உறக்கம் சொக்கும் கண்களோடு இருக்கும் இரண்டு வயதுக் குழந்தைக்கு அந்த ஒரு மணி நேரம் மிகப் பெரிது. தொலைபேசியைப் பார்த்தாலே சிணுங்கினாள். இரண்டு வாரம் அப்படியே போன பின், அவர் தன் மேலாளரிடம் பேசி, அந்த மாதங்களில் மட்டும் தன் இடைவேளையை 12.30 மணிக்கு மாற்றிக்கொண்டார். அந்த வேலையில் அவர் கேட்டுப் பெற்ற முதல் சலுகை அதுதான்.

திரையைக் குறித்தும் எனக்குக் குற்ற உணர்வு இருந்தது. 2019-இல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட வழிகாட்டுதல்கள், ஒரு வயதுக் குழந்தைக்குத் திரை நேரமே வேண்டாம் என்றும், இரண்டு வயதில்கூட ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடாது என்றும் சொல்கின்றன. ஆனால் அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாதெமி 2016-இல் 18 மாதத்துக்கு உட்பட்ட குழந்தைகளுக்குத் திரை வேண்டாம் என்று சொன்னபோது, காணொளி அழைப்புக்கு மட்டும் விலக்கு அளித்திருந்தது. காரணம் இருக்கிறது. 1985-இல் லின் மர்ரி, காலின் ட்ரெவார்த்தன் என்ற இரு ஆய்வாளர்கள் 6 முதல் 12 வாரக் குழந்தைகளைத் தாயிடம் தொலைக்காட்சித் திரை வழியாகப் பேசவைத்தார்கள். நேரலையில் குழந்தைகள் தாயோடு மகிழ்ந்து முகம் பார்த்துப் பேசின. அதே தாயின் அதே சிரித்த முகத்தைப் பதிவுசெய்து பின்னர் காட்டியபோது குழந்தைகள் கலங்கிப்போயின. முகம் அதுவேதான், குழந்தை செய்வதற்கு மறுமொழியாக அது அசையவில்லை என்பது மட்டுமே வேறுபாடு. 2014-இல் வெளியான மற்றோர் ஆய்விலும், இரண்டு முதல் இரண்டரை வயதுக் குழந்தைகள் நேரடி அழைப்பில் பேசியவரிடமிருந்து புதிய வினைச்சொற்களைக் கற்றுக்கொண்டன. பதிவுசெய்த காட்சியிலிருந்து கற்கவில்லை.

இதைப் படித்த பிறகு, கணவர் அனுப்பிவைத்த குரல் பதிவுகளை ஓடவிட்டு நான் சமையலைப் பார்ப்பதை நிறுத்திக்கொண்டேன். அவர் உண்மையாகவே இருக்கும் 20 நிமிடம், பதிவுசெய்த இரண்டு மணி நேரத்தைவிட மேலானது என்று எனக்கு உறுதியாகத் தோன்றியது.

ஆனால் அந்த 20 நிமிடத்தை எப்படிச் செலவிடுவது என்பது எங்களுக்குத் தெரியவில்லை. தொடக்கத்தில் நான் அவளை மடியில் பிடித்து உட்காரவைத்து, "அப்பாவுக்கு முத்தம் கொடு, பாட்டுப் பாடிக் காட்டு" என்று ஏவிக்கொண்டே இருந்தேன். அவள் மூன்று நிமிடத்தில் நழுவி ஓடிவிடுவாள். அவர் ஒன்றும் சொல்லமாட்டார். அவர் முகம் சொல்லும். ஒருநாள் களைப்பில், தொலைபேசியை அவள் விளையாடும் இடத்தில் தரையில் சாய்த்துவைத்துவிட்டு நான் எழுந்து போய்விட்டேன். திரும்பி வந்து பார்த்தால், அவர் அங்கே சாப்பிட்டுக்கொண்டிருந்தார், இவள் இங்கே கட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். இருவரும் பேசவே இல்லை. அடுக்கியது சரிந்தபோது மட்டும் நிமிர்ந்து பார்த்தாள். அவர், "விழுந்துடுச்சா?" என்றார். "விழுந்துச்சு" என்றாள். அவ்வளவுதான். அதற்கு முன் நடந்த எல்லா அழைப்புகளையும்விட அதுதான் ஒரு வீட்டின் மாலைப்பொழுதைப் போல இருந்தது.

அன்றிலிருந்து அழைப்பின் பெரும்பகுதியை அப்படியே விட்டுவிட்டோம். ஒரே படப் புத்தகத்தில் இரண்டு பிரதிகள் வாங்கி, ஒன்றை அவருக்கு அனுப்பினோம். அவர் அங்கே பக்கத்தைப் புரட்டும்போது இவள் இங்கே புரட்டுவாள். திரையில் அவளைப் பார்க்கும்போது அவருடைய கண்கள் தாழ்ந்தே தெரிவதைக் கவனித்து, கேமராவுக்குப் பக்கத்தில் ஒரு சிறிய சிவப்புப் பொட்டை ஒட்டிக்கொண்டார். அதைப் பார்த்துப் பேசினால் அவளுக்குத் தன்னையே பார்ப்பதாகத் தெரியும். அவர் எங்கே தூங்குகிறார் என்று அவள் கேட்டபோது, விடுமுறை நாளொன்றில் அறையைச் சுற்றிக் காட்டினார். அதே அறையில் தங்கியிருந்த மற்ற இருவரும் அவளுக்குக் கையசைத்துவிட்டு, எங்கள் அழைப்பு முடியும்வரை தங்கள் பேச்சை நிறுத்திவைத்தார்கள். அவர்களுக்கும் ஊரில் பிள்ளைகள் இருந்தார்கள்.

இன்னொன்றை மிகத் தாமதமாகத்தான் புரிந்துகொண்டோம். நாளுக்கு 20 நிமிடம் மட்டுமே இருக்கும் அப்பா எதற்கும் மறுப்புச் சொல்வதில்லை. கண்டிப்பு முழுவதும் என் பங்குக்கு வந்து சேர்ந்தது. அது எனக்குக் கடினமாக இருந்தது என்பதைவிட, அவருக்கு நியாயமற்றதாக இருந்தது என்பதே என் கருத்து. வெறும் இனிப்பாக மட்டும் இருப்பவர் விருந்தாளி, பெற்றவர் அல்லர். எனவே பல் துலக்க மறுத்தால் அவரிடமும் சொல்வேன். அவரும் உறுதியாகப் பேசுவார். முதன்முறை அவர் கண்டித்தபோது அவள் கோபித்துக்கொண்டு தொலைபேசியைக் கவிழ்த்துவைத்தாள். அன்றிரவு வெகுநேரம் வருந்தினார். ஆனால் கோபித்துக்கொள்ளும் அளவுக்கு அவர் அவளுக்கு நெருங்கியிருக்கிறார் என்று எனக்குப் பட்டது.

நீங்களும் உடன் சென்றிருக்கலாமே என்று பலர் கேட்டிருக்கிறார்கள். பல நாடுகளில் குறிப்பிட்ட அளவுக்கு மேல் சம்பளம் வாங்குபவருக்கே குடும்ப விசா கிடைக்கும். அவருடைய சம்பளம் அந்தக் கோட்டுக்குக் கீழே இருந்தது. பெற்றோர் வெவ்வேறு நாடுகளில் வசிக்கும் குழந்தைக்கு இருவரோடும் முறையான, நேரடியான தொடர்பில் இருக்கும் உரிமை உண்டு என்கிறது, 1989-இல் ஐ.நா. பொதுச்சபை ஏற்ற குழந்தை உரிமைகள் உடன்படிக்கையின் 10-ஆவது பிரிவு. புலம்பெயர் தொழிலாளர்களின் குடும்பங்கள் ஒன்றாக இருப்பதற்கு அரசுகள் உதவ வேண்டும் என்று 1990-இல் உருவாகி 2003-இல் நடைமுறைக்கு வந்த மற்றோர் உடன்படிக்கையும் சொல்கிறது. ஆனால் வெளியிலிருந்து ஆட்களை வரவழைத்து வேலை வாங்கும் பணக்கார நாடுகளில் பெரும்பாலானவை அதில் இணையவே இல்லை. உழைப்பவருக்கு ஒரு கதவும் அவர் பிள்ளைக்கு இன்னொரு கதவும் வைத்திருப்பதை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

இனி அவர் வந்த நாளைப் பற்றி. விமான நிலையத்தில் அவர் கைகளை நீட்டியபோது அவள் என் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். வீட்டுக்கு வந்த பிறகும் அவர் இருக்கும் பக்கம் போகவில்லை. அழுதால் தேற்றலாம், அவள் அவரை ஓர் அறைகலனைப் போலச் சுற்றிக்கொண்டு நடந்தாள். அன்றிரவு அவர் என்னிடம், "யாரோ ஒருத்தர் வீட்டுக்கு வந்துட்டேன்" என்றார். நான் முன்பே படித்து வைத்திருந்தது அப்போது எனக்குக் கைகொடுத்தது. லண்டனில் மனநல மருத்துவர் ஜான் பௌல்பியோடு பணியாற்றிய ஜேம்ஸ் ராபர்ட்சன், பெற்றோர் வந்து பார்ப்பதற்குக் கடும் கட்டுப்பாடு இருந்த காலத்து மருத்துவமனைகளில் சிறு குழந்தைகளைக் கவனித்தார். அவர்கள் முதலில் அழுது எதிர்த்தார்கள், பிறகு சோர்ந்து அடங்கினார்கள், அதன் பின் பற்றறுத்தவர்களைப் போலாகி, தாய் வந்தபோது அவளை அறியாதவர்களைப் போல முகம் திருப்பிக்கொண்டார்கள். அந்த விலகலை மறதி என்று ராபர்ட்சனும் பௌல்பியும் கொள்ளவில்லை. பிரிவின் வலியைத் தாங்குவதற்குக் குழந்தை கட்டிக்கொள்ளும் அரண் என்றே கண்டார்கள். என் மகளுக்கு நான் உடன் இருந்தேன் என்பதால் அவள் நிலை அவ்வளவு கடுமையானதல்ல. ஆனாலும் அந்த முகத் திருப்பலின் வேர் அங்கேதான் இருப்பதாக எனக்குத் தோன்றியது.

இரண்டாம் நாள் மாலை ஆறு மணிக்கு அவள் தொலைபேசியைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வந்தாள். "அப்பாகிட்ட பேசணும்" என்றாள். அவர் நான்கடி தொலைவில் உட்கார்ந்திருந்தார். "இதோ இருக்காரே" என்று நான் காட்டினேன். அவள் அவரைப் பார்த்தாள், பிறகு தொலைபேசியைப் பார்த்தாள், பிறகு அதை என் கையில் அழுத்தினாள். அவர் எதுவும் சொல்லாமல் எழுந்து அடுத்த அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். சற்று நேரத்தில் தொலைபேசி மணியடித்தது.

திரையில் அவரைக் கண்டதும் அவள் முகம் மலர்ந்தது. பொம்மைக்கு உடம்பு சரியில்லை என்று சொன்னாள், யாரோ வீட்டுக்கு வந்திருப்பதாகவும் சொன்னாள். "அப்படியா, நான் வந்து பாக்கட்டுமா?" என்றார் அவர். "வா" என்றாள். அவர் பேசிக்கொண்டே மெல்லக் கதவைத் திறந்தார். திரையில் இருந்த முகமும் வாசலில் நின்ற முகமும் ஒரே சொல்லை ஒரே நேரத்தில் சொன்னபோது அவள் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தாள். தொலைபேசியைக் கீழே வைக்கவில்லை. அதைக் கையில் பிடித்தபடியே நடந்துபோய் அவர் முழங்காலைத் தொட்டுப் பார்த்தாள்.

மூன்று வார விடுப்பில் மீதமிருந்த நாட்களைப் பற்றி விரிவாக எழுதத் தேவையில்லை. எல்லா வீடுகளிலும் நடப்பதுதான் நடந்தது. புறப்படும் நாளில் இம்முறை மறைக்கவில்லை. எந்த ஊர்தியில் போகிறார், எங்கே தூங்குவார், எத்தனை மணிக்கு அழைப்பார் என்று மூன்று நாட்கள் முன்பிருந்தே சொல்லிவந்தோம். அவர் பெட்டியை எடுத்தபோது அவள் கதறி அழுதாள். அவர் தளர்ந்துபோனார், நானும்தான். ஆனால் அன்றிரவு அவள் முழுமையாக உறங்கினாள்.

மறுநாள் அவர் போய்ச் சேர்ந்து ஆறு மணிக்குச் சரியாக அழைத்தார். பேசி முடித்ததும் அவள் தொலைபேசியை என்னிடம் கொடுத்துவிட்டு, நேராக அடுத்த அறைக்குப் போய்க் கதவைத் திறந்து பார்த்தாள். இப்படி வரும் என்று நாங்கள் இருவருமே நினைத்திருக்கவில்லை. அடுத்த நாளும், அதற்கடுத்த நாளும் திறந்து பார்த்தாள். நாங்கள் செய்தது சரிதானா என்று அவர் என்னைப் பலமுறை கேட்டிருக்கிறார். அந்தக் கதவைத் திறக்கும் கையைப் பார்த்துக்கொண்டு என்னால் ஆம் என்று சொல்ல முடிந்ததில்லை.

இப்போது அவளுக்கு மூன்று வயது நெருங்குகிறது. அடுத்த விடுப்புக்கு நான்கு வாரம் இருக்கிறது. கடந்த வாரம் பக்கத்து வீட்டுக் குழந்தை விளையாட வந்து அந்த அறைக்குள் ஒளிந்துகொண்டபோது, இவள் அவனிடம், "அப்பா இந்தக் கதவு வழியா வரமாட்டாரு, பிளேன்லதான் வருவாரு" என்று விளக்கிக்கொண்டிருந்தாள். அன்று மாலை அழைப்பு முடிந்ததும் தொலைபேசியை வைத்துவிட்டுக் கட்டைகளை அடுக்கப் போய்விட்டாள். கதவின் பக்கம் நான்தான் திரும்பிப் பார்த்தேன்.