6,200 மைல் கமாரோவும் ஏழு வயது டயரும்

ஏப்ரலில் வாங்கும்போது மீட்டரில் 6,200 மைல்தான் இருந்தது. 2018 மாடல் ஷெவர்லே கமாரோ எஸ்எஸ் 1எல்இ கார். ஏழு வருடத்தில் இவ்வளவுதான் ஓடியிருக்கிறது, புதுசு மாதிரிதானே என்று ஒரே குஷி. மூன்றாம் நாள் டார்ச் அடித்து டயரின் பக்கவாட்டைப் படித்தபோதுதான் குஷி இறங்கியது. 0918. 2018இன் ஒன்பதாவது வாரம் செய்தது, வண்டியோடு வந்த அதே டயர். ரோட்டைத் தொடும் ரப்பர் பட்டன்களுக்கு நடுவே தலைமுடி மாதிரி மெல்லிய விரிசல்கள்.

இது குட்இயர் ஈகிள் எஃப்1 சூப்பர்கார் 3. சூட்டில் ரோட்டைக் கவ்வும், குளிரில் விறைத்துவிடும். மைனஸ் 7 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போனால் வண்டியை நகர்த்தவே வேண்டாம் என்பார்கள். மிச்சிகனில் ஹீட்டர் இல்லாத கராஜில் இத்தனை குளிர்காலம் கிடந்தால் என்ன ஆகும்? விற்றவர் எதையும் மறைக்கவில்லை. மீட்டரைப் பார்த்த நான்தான் டயரைப் பார்க்கவில்லை. முன்னே 285, பின்னே 305 என்று அளவு வேறு வேறு, அதனால் மாற்றிப் போட்டுச் சமாளிக்கவும் வழியில்லை. நாலும் புதுசு. விலையை வீட்டில் தவணை முறையில்தான் சொன்னேன்.

1எல்இ என்பது பார்க்க மாடல் பெயர் மாதிரி இருக்கும், உண்மையில் ஷெவர்லேயின் தாய் நிறுவனமான ஜிஎம்மின் ஆர்டர் கோடு. 1988இல் ரேஸ் ஓட்டுபவர்களுக்காக, விளம்பரமே இல்லாமல், பெரிய பிரேக்கோடு சத்தமில்லாமல் தொடங்கிய சமாசாரம். என்னுடையதில் 6.2 லிட்டர் வி8, 455 குதிரைத்திறன், ஆறு கியர் மேனுவல், பிரெம்போ பிரேக், கறுப்பு மேட் பானெட்.

டயருக்கு அப்புறம் பிரேக் ஆயில். ஓடினாலும் ஓடாவிட்டாலும் அது காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்துக்கொண்டேதான் இருக்கும். ஈரம் சேர்ந்த ஆயில் ரேஸ் ட்ராக் சூட்டில் கொதித்தால் பெடல் பஞ்சாகிவிடும். ஒரு சனிக்கிழமை ஜாக்கி போட்டு நாலு சக்கரத்தையும் கழற்றினேன். பெடலை மிதிக்க மனைவி சீட்டில், பழைய ஆயிலைத் திருகு வழியே வெளியேற்ற நான் தரையில்.

"மிதி."

"மிதிச்சாச்சு."

"அப்படியே பிடி... ம், விடு."

"விட்டாச்சு. இன்னும் எத்தனை தடவைங்க?"

பின்பக்க வலது சக்கரத்தில் தொடங்கினோம். பிளாஸ்டிக் டியூபில் முதலில் வந்தது டிக்காஷன் நிறம். வெளிறிய மஞ்சளாக மாறும்வரை விடவில்லை. ஒரு காலிப்பருக்கு, அதாவது சக்கரத்தில் பிரேக்கை அழுத்திப் பிடிக்கும் பாகத்துக்கு, இரண்டு திருகு இருப்பதை மறந்து முன்சக்கரத்தில் ஒன்றை மட்டும் திறந்து மூடிவிட்டேன். பெடல் கொஞ்சம் மெத்தென்று இருக்கவே மறுபடி ஜாக்கி, மறுபடி மனைவி. இந்த முறை காபி போட்டுக் கொடுத்த பிறகுதான் வந்தாள். வீல் நட் 140 பவுண்ட்-அடி. இறுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் இல்லாமல் இந்த வேலையில் கை வைக்காதீர்கள்.

ஜூனில் சவுத் ஹேவன் பக்கத்து ஜிஞ்சர்மேன் ட்ராக். 11 வளைவு. ஓரத்தில் புல்வெளி தாராளம், என்னைப் போன்ற புதுசுகளுக்கு அதுதான் தைரியம். பக்கத்தில் பயிற்சியாளர். முதல் சுற்றில் டயர் சூடாகவில்லை, பின்பக்கம் லேசாக ஆடியது. மூன்றாவது சுற்றில் ரப்பர் பிடிக்க ஆரம்பித்ததும் ஸ்டீயரிங் கனத்தது, கழுத்து ஒரு பக்கமாக இழுத்தது. "கையை இறுக்காதே" என்று பயிற்சியாளர் நாலு தடவை சொன்னார். ஓட்டுவதற்கு முன் 27 வைத்திருந்த டயர் பிரஷர், ஓட்டி முடித்து வண்டி நிறுத்தும் பிட்டுக்கு வந்ததும் 34. பெடல் கடைசிவரை கல் மாதிரி நின்றது. பின்கண்ணாடி வழியே மட்டும் எதுவும் தெரியவில்லை. அது இந்த வண்டியின் பிறவிக் குறை.

பானெட்டில் அப்பியிருந்த பூச்சிகளைத் துடைக்கத்தான் பாதி ஞாயிறு போனது. மேட் கறுப்பில் பாலிஷ் போடக்கூடாது. சோப்புத் தண்ணியும் துணியும்தான்.

இப்போது அக்டோபர், மீட்டரில் 7,150. குளிருக்குப் பயந்து டயர் நாலையும் கழற்றி பேஸ்மெண்டில், வாஷிங் மெஷின் பக்கத்தில் அடுக்கியிருக்கிறேன். துணி போட வரும்போதெல்லாம் சுற்றிப் போக வேண்டியிருக்கிறது என்று புகார் வந்திருக்கிறது.